ஒற்றைத் தும்மல்

எங்கள் அம்மா தும்மினால் கிட்வாய் நகரில் எட்டு வீட்டு ஆண்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

இதில் மிகை எதுவும் இல்லை. எங்கள் பிளாக்கில் கீழே நான்கு, மேலே நான்கு என்று எட்டுக் குவார்ட்டர்கள். எட்டிலும் மத்திய அரசு ஊழியர்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் டிபன் டப்பாவோடு படியிறங்குவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா தும்முவாள். ஒரே ஒரு தும்மல். வெளியே கிளம்புகிறவர் காதில் ஒற்றைத் தும்மல் விழுந்தால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். தில்லிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பஞ்சாபிக்கும் அதே வழக்கம், வங்காளிக்கும் அதே வழக்கம் என்று. சாப்பாட்டிலும் பேச்சிலும் பண்டிகையிலும் ஒட்டாமல் இருந்த எங்கள் பிளாக், அம்மாவின் தும்மலில் ஒன்றுபட்டது.

இரண்டாகத் தும்மிவிட்டால் தோஷம் இல்லை. அது நல்ல சகுனம். அதனால் மேல்மாடி வைத்தி மாமா படிக்கட்டிலேயே நின்று காத்திருப்பார்.

"சந்திரம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டுடும்மா. பஸ் போயிடும்."

அம்மா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்பாள். "வந்தா போடமாட்டனா மாமா? வரலியே."

வராது. வைத்தி மாமா மாடியேறி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி இறங்கும்போது வரும். அதுவும் ஒற்றையாக. அந்த வருஷம் மாசி, பங்குனி இரண்டு மாதமும் அவர் நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேரவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கீழ் வீட்டு அம்மாளின் தும்மல்தான் காரணம் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அவருடைய செக்ஷன் ஆபீசர் அதை ஏற்றுக்கொண்டார். மோதி பாக்கில் அவர் வீட்டுக்குக் கீழேயும் ஒரு தும்மல் இருந்ததாம்.

மற்றவர்களுக்குத் தெரிந்தது தும்மல் மட்டும். எங்களுக்கு இழுப்பும் தெரியும். படுத்தால் அம்மாவுக்கு மூச்சு அடைக்கும். தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஹோலி முடிந்து வெயில் ஏறும்வரை இப்படித்தான். அம்மா ஆசைக்காரி இல்லை. ஆக்ராவுக்கு எல்லோரும் பஸ் பிடித்துப் போனபோதுகூட வீட்டில் இருந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். பங்குனி மாதத்தில் ஒரு நாளாவது கையையும் காலையும் நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும்.

டிஸ்பென்சரியில் ஏவில் மாத்திரை கொடுத்தார்கள். அது தும்மலை நிறுத்தவில்லை, அம்மாவை நிறுத்தியது. ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். பால் பூத் வரிசையில் நின்றபடியே தூங்கினாள். பின்னால் நின்றவர்கள் வரிசை நகரவில்லை என்று முதலில் பால் பூத்தைத்தான் திட்டினார்கள். பிறகு அப்பா அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சின்ன டாக்டர் அம்மாவின் கையில் வரிசையாக ஊசியால் கீறி, ஒவ்வொரு கீறலிலும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டார். ஒரு கீறல் மட்டும் இட்டிலி மாதிரி உப்பி எழுந்தது. டாக்டர் அந்தப் பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, பாப்டி மரத்தின் மகரந்தம் என்றார். அந்த மரம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரித்தார்.

அப்பா யோசித்துவிட்டு, "கட்டில்லேர்ந்துங்களா?" என்று கேட்டார்.

உண்மையில் அது எங்கள் படுக்கையறை ஜன்னலை ஒட்டித்தான் நின்றது. மாசி பிறந்ததும் இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு, கிளை முழுக்கப் பச்சையும் பழுப்புமாக எதையோ மொய்க்கவிட்டுக்கொண்டு நிற்கும். அதுதான் பூ. மணம் கிடையாது, நிறம் கிடையாது, தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் போட முடியாது. கிளையைத் தட்டினால் மஞ்சளாக ஒரு புகை கிளம்பும். பிறகு வட்ட வட்டமாக, குட்டி அப்பளம் போல அதன் காய்கள் உதிரும். காற்றடிக்கும் காலையில் அந்தப் புகை எங்கள் ஜன்னல் வழியே உள்ளே வந்து, கட்டிலைச் சுற்றிவிட்டு, அம்மாவின் மூக்கில் குடியேறும்.

மரத்தை விட்டு நீங்கள் விலக வேண்டும், இல்லாவிட்டால் மரத்தை விலக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரமும் வீடும் இரண்டுமே அரசாங்கத்துடையவை. அப்பா சந்தோஷமாகத் திரும்பி வந்தார். அப்பாவின் பெயர் பூவராகவன். மத்திய அமைச்சகம் ஒன்றில் அப்பர் டிவிஷன் கிளார்க். 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்று தினமும் பத்துப் பேருக்காவது எழுதியனுப்புகிறவர். அதனால் அதை நம்பவும் செய்தார்.

முதலில் என்கொயரிக்குப் போனார். காலனியில் குழாய் கெட்டாலும் கண்ணாடி உடைந்தாலும் போய்ச் சொல்லும் அறைக்குத்தான் அந்தப் பெயர். அங்கிருந்த பாபு பொறுமையாகக் கேட்டார். மரத்தின் வேர் தோட்டப் பிரிவுக்குச் சொந்தம் என்றார். கிளை சுவரில் உரசினால் கட்டடப் பிரிவு, கம்பியில் உரசினால் மின்சாரப் பிரிவு. மகரந்தமோ காற்றில் போகிறது. காற்று இதுவரை எந்தப் பிரிவுக்கும் ஒதுக்கப்படவில்லை. புகார் எழுதும் நோட்டிலும் குழாய், சாக்கடை, கண்ணாடி, பல்பு, ஒழுகல் என்று ஐந்து கட்டங்கள்தான் இருந்தன. அப்பாவின் முகம் வாடியதைப் பார்த்து பாபு இரக்கப்பட்டார். மரத்திலிருந்து ஏதோ கொட்டிக்கொண்டே இருக்கிறது என்றுதானே சொல்கிறீர்கள், அது ஒழுகல்தான் என்று ஐந்தாவது கட்டத்தில் பதிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் பிளம்பர் வந்தார். பையில் ஸ்பானரும் வாஷரும் இருந்தன. சமையலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார், குளியலறைக் குழாயையும் பார்த்தார். "லீக் கிதர் ஹை, பெஹன்ஜி?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். பிளம்பர் வெளியே போய் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. தாழ்வாக இருந்த ஒரு கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சணலைச் சுற்றினார், குழாய் மூட்டுக்குப் பூசும் வெள்ளையை அதன்மேல் தடவினார், இறுக்கிக் கட்டினார். ஒரு நாள் கை வைக்காமல் இருங்கள், இறுகிவிடும் என்று சொல்லிவிட்டு, ஒழுகல் சரிசெய்யப்பட்டது என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதன்பின் அந்த மரத்தைப் பற்றி என்கொயரியில் எந்தப் புகாரும் எடுக்க மறுத்துவிட்டார்கள். அது ரிப்பேர் செய்து முடித்த மரம்.

அடுத்து அப்பா வீடு ஒதுக்கும் ஆபீசுக்குப் போனார். உடம்பு காரணமாக வீடு மாற்றிக்கொள்ள விதி இருந்தது. ஆனால் அந்த விதியில் நுரையீரல் இருந்தது, இருதயம் இருந்தது, சிறுநீரகம் இருந்தது, மூக்கு இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருப்பதாக அங்கிருந்த அதிகாரி விளக்கினார். அரசாங்க மரம் அரசாங்க ஊழியரின் மனைவிக்குத் தீங்கு செய்கிறது என்று அப்பா எழுதியிருந்தார். இதை நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்டால் அது மரத்துக்குச் செய்யும் அநீதி. மகரந்தத்தை எண்ணுவதற்கென்றே இப்போது ஓர் ஆபீஸ் வந்திருக்கிறது, அங்கே போய் எண்ணி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அந்த ஆபீஸின் பெயர் தேசிய வாயுமண்டலத் துகள் கணிப்பு மையம். பெயர்ப்பலகை அவர்கள் கட்டடத்தில் தொடங்கி அடுத்த ஆபீஸின் சுவரில் முடிந்தது. அப்பா வீட்டில் அதைத் தூள் ஆபீஸ் என்றுதான் சொல்வார். டைரக்டர் டாக்டர் சேஷன். வெளிநாட்டில் படித்தவர். அவருடைய மேசைமேல் ஒரு காகிதம் கிடையாது, ஒரு பேனா கிடையாது. முகம் தெரியும்படி துடைத்த கண்ணாடி மட்டும். பேசும்போது அவர் எதிரே இருப்பவரைப் பார்க்காமல் அந்தக் கண்ணாடியையே பார்த்துப் பேசினாராம். மேசையை அப்படி வைத்திருந்தவர் அவருடைய சூப்பரிண்டெண்ட் நல்லசிவம். திருநெல்வேலிக்காரர். மந்திரிகள் வரும் விழாக்களுக்கு நாற்காலி துடைத்துப் போடும் பிரிவில் நெடுங்காலம் இருந்து, அந்த அனுபவத்துக்காகவே விஞ்ஞானத்துக்கு மாற்றப்பட்டவர்.

அப்பா அம்மாவின் கதையைச் சொல்லி முடித்ததும் சேஷன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"மிஸ்டர் பூவராகவன், உம்ம சம்சாரம் தும்மறது வெறும் அனுபவம். டாக்டர் சொன்னது அனுமானம். நீர் சொல்றது அபிப்பிராயம். சயன்ஸுக்கு இது மூணும் உதவாது. ஒரு வஸ்துவை நாங்க எண்ணினாத்தான் அது இருக்கு. எண்ணறவரைக்கும் அது இருக்கப்படாது."

எண்ணுவதற்கு ஒப்புக்கொண்டார். அதுவும் எங்கள் பிளாக்கின் மொட்டை மாடியிலேயே. அப்பா வரும் வழியில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கி வந்தார்.

அடுத்த தை மாதத்திலேயே ஜீப்பில் வந்து ஏற்பாடுகளைச் செய்தார்கள். மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டு, அதில் தகரக் கூரை போட்டு, அதன் கீழே வாஸ்லீன் தடவிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் செருகினார்கள். காற்றில் வரும் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு புதிது வைப்பார்கள். எடுத்துப்போன கண்ணாடியை ஆபீசில் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து எண்ணுவார்கள். மாசி பிறந்தது. மரம் இலையை உதிர்த்தது. புகை கிளம்பியது. மாடியில் காயப்போட்ட வேட்டியை உதறினால் மஞ்சளாகப் பறந்தது. கம்பத்துக் கண்ணாடி ஒவ்வொரு நாளும் மாவில் புரட்டி எடுத்த பஜ்ஜி போல இருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வைத்தி மாமா படிக்கட்டில் நின்றார்.

கணக்கு வந்தது. பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். மாதம் முழுவதும் பூஜ்யம்.

அப்பாவுக்குத் தன் கண்மேல்தான் சந்தேகம் வந்தது. ஒருவேளை அம்மா வேறு எதற்காகவோ தும்முகிறாளோ என்று அவளை ஒரு நாள் கூர்ந்து கவனித்தார். "என்னாத்துக்கு என்ன அப்படிப் பாக்குறீங்க? நான் என்னா வேணும்னா தும்முறன்?" என்று அம்மா கேட்டதும், லீவு போட்டுவிட்டுத் தூள் ஆபீசுக்குப் போனார்.

அவர் போன நேரத்தில் நல்லசிவம் அன்றைய கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டிலும் வெள்ளை மல் துணியும் இருந்தன. கண்ணாடியின்மேல் ஸ்பிரிட்டை விட்டு, துணியால் வட்டமாகத் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, வாயால் ஊதி, மறுபடி துடைத்தார். தினமும் இப்படித்தானா என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

நல்லசிவத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்ன என்ன அண்ணாச்சி? வாஸ்லீனத் தடவி மொட்டமாடில போட்ட சாமான். வரும்போது பாக்கணுமே, அம்புட்டுத் தூசி. அப்படியே கொண்டுபோயி டைரக்டர் முன்னால வச்சா அவரு என்ன நெனப்பாரு? என் சர்வீஸ்ல அழுக்கா ஒரு பொருள் மேலதிகாரி மேசைக்குப் போனதில்ல பாத்துக்கிடுங்க."

துடைத்த கண்ணாடி உள்ளே போனது. கதவிடுக்கில் சேஷன் மைக்ராஸ்கோப்பில் குனிவது தெரிந்தது. நெடுநேரம், மிகுந்த கவனத்தோடு அவர் எண்ணினார்.

அப்பா பின்னாலேயே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கண்ணாடிகள் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்று சேஷனுக்கும் ஓர் ஆச்சரியம் இருந்ததாம். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பூஜ்யம்னு மேலே ரிப்போர்ட் போயாச்சு, மிஸ்டர் பூவராகவன். நாளைக்கு நான் ஒண்ணுன்னு எழுதினேன்னு வையும். பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணு. எத்தனை சதவீதம் ஜாஸ்தி தெரியுமோ? கணக்கே போட முடியாது. இன்ஃபினிடி. என்னோட நிர்வாகத்துல மகரந்தம் இன்ஃபினிடி சதவீதம் ஏறிப்போச்சுன்னு ஆண்டறிக்கையில எழுதச் சொல்றீரா?"

"அப்ப என் சம்சாரம் தும்முறதுங்க?"

"அதுதான் எனக்கும் கவலையா இருக்கு," என்றார் சேஷன், உண்மையான கவலையோடு. "காரணமே இல்லாம ஒரு மனுஷி இப்படித் தும்மப்படாது."

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். நீ காரணமில்லாமல் தும்முகிறாய் என்று அரசாங்கம் கண்டுபிடித்திருக்கிறது என்றார். அம்மா அதற்குப் பதிலாக ஒரு தும்மல் போட்டாள். மாடிப்படியில் யாரோ திரும்பி ஏறும் சத்தம் கேட்டது.

பங்குனியில் இன்னொரு ஜீப் வந்தது. ஒரு மாதம் முழுவதும் மகரந்தமே வெளியிடாத மரம் வேறெங்கும் இல்லையாம். அதனால் எங்கள் ஜன்னல் மரத்தைப் 'பூஜ்ய மகரந்த மாதிரி மரம்' என்று அறிவித்துக் கல்வெட்டுத் திறக்கப்போகிறார்கள். ஜாயிண்ட் செக்ரட்டரியே வருகிறாராம். குடியரசு தினத்துக்குச் சாலை மரங்களுக்கு அடிப்பதுபோல அடிமரத்தில் கீழே காவியும் மேலே சுண்ணாம்பும் அடித்தார்கள். பிளம்பர் சுற்றிய சணலுக்கும் சுண்ணாம்பு கிடைத்தது. மரத்தடியில் ஷாமியானா எழும்பியது. சேஷன் விஞ்ஞானி, நல்ல நேரம் பார்க்க மாட்டார். நல்லசிவம் பார்த்துக் கொடுத்ததை மறுக்கவும் மாட்டார். பத்தரை மணிக்கு ராகுகாலம், அதற்குள் கல்வெட்டைத் திறந்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

மரத்தின் பயனை நேரடியாக அனுபவிக்கும் குடும்பம் என்று எங்களை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். வீடு மாற்றக் கோரும் விண்ணப்பத்தை அப்பா நன்றாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஜாயிண்ட் செக்ரட்டரியின் கையில் எப்படியாவது கொடுத்துவிட வேண்டும். இதை விட்டால் இனி அம்மாவுக்கு வழி இல்லை. அதுவரை அடக்கிக்கொள்ள முடியுமா என்று அவளிடம் கேட்டார். அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டி மூக்கின்மேல் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

சேஷன் பேசினார். மகரந்தத்தை நாங்கள் தேடாமல் இல்லை, தேடினோம், கிடைக்கவில்லை என்றார். மற்ற நாடுகள் மருந்தாலும் செலவாலும் சாதிக்க முடியாததை நம் நாடு வெறும் கணக்கெடுப்பால் சாதித்துவிட்டது என்றார். எங்கள் கண்ணாடிகளை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், அவற்றில் உங்கள் முகம்தான் தெரியும் என்றார். இந்த இடத்தில் காற்று அடித்தது. மரம் அசைந்தது. ஷாமியானாவின் ஓரங்களில் மஞ்சளாக ஏதோ இறங்கி, மேசை விரிப்பின்மேலும் ஜாயிண்ட் செக்ரட்டரியின் கறுப்புக் கோட்டின்மேலும் படிந்தது. அவருக்கு மூக்கு சிவந்து கண்களில் நீர் வழிந்தது. தன் பேச்சில் அவர் உருகிவிட்டதாக நினைத்து சேஷன் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்.

பிறகு ஜாயிண்ட் செக்ரட்டரி கல்வெட்டைத் திறக்க எழுந்தார். திரையின் கயிற்றில் கை வைத்தார்.

அம்மா தும்மினாள். ஒன்று.

கூட்டம் அப்படியே நின்றது. ஜாயிண்ட் செக்ரட்டரியின் கை கயிற்றிலிருந்து தானாக இறங்கியது. அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நல்லசிவம் துடைத்த டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு எழுந்தார். கயிற்றைத் தொட்டார். அம்மா தும்மினாள். மறுபடி ஒன்று. உட்கார்ந்தார். குடித்தார். எழுந்தார். தும்மல். எழுந்திருப்பதும் உட்காருவதுமாகப் பத்து மணி தாண்டியது. நல்லசிவம் கடிகாரத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். முழு ஷாமியானாவும் இரண்டாவது தும்மலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பின்வரிசையிலிருந்து வைத்தி மாமாவின் குரல் மட்டும் கேட்டது.

"இன்னும் ஒண்ணு, சந்திரம்மா. பெரிய மனுஷா நிக்கறா."

அம்மா மூக்கைப் பொத்தியபடி தலையை அசைத்தாள். வரவில்லை.

இந்த அம்மாள் யார் என்று ஜாயிண்ட் செக்ரட்டரி இந்தியில் கேட்டார். இந்த ஜன்னல் வீட்டுக்காரி என்று சேஷன் தாழ்ந்த குரலில் சொன்னார். இவ்வளவு முக்கியமான மரத்துக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட ஒருவரை யார் குடிவைத்தது என்று அவர் அதட்டினார். யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அப்பா எழுந்து போய் விண்ணப்பத்தை நீட்டினார். அதில் 'மரத்தின் மகரந்தத்தால் என் மனைவிக்கு இடையூறு' என்று எழுதியிருந்தது. சேஷன் அதை வாங்கிப் படித்து, தன் பேனாவால் திருத்தி, 'என் மனைவியால் மரத்துக்கு இடையூறு' என்று ஆக்கினார். அப்படி எழுதியதும் விதிகளில் எந்தத் தடையும் இருக்கவில்லை. ஜாயிண்ட் செக்ரட்டரி நல்லசிவத்தின் முதுகை மேசையாக்கி, சரோஜினி நகரில் காலியாக இருக்கும் வீட்டுக்கு உடனே மாற்றவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேனாவை அவர் மூடினார். அம்மா தும்மினாள்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இன்னொன்று வந்தது.

ஷாமியானா முழுக்கக் கைதட்டியது. ஜாயிண்ட் செக்ரட்டரி ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தார். ராகுகாலத்துக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அத்தனை நேரம் வராத இரண்டாவது தும்மல் சரியாக அந்த நேரத்தில் எப்படி வந்தது என்று கேட்டார்.

"வந்துச்சு, போட்டேன்," என்றாள் அம்மா.

சரோஜினி நகர் வீட்டு வாசலில் ஒரு மின்கம்பம் இருந்தது. மரம் இல்லை. அது ஒன்றே போதும் என்று இருந்தோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்லசிவம் ஒரு ரிக்ஷாவில் வந்து இறங்கினார். கையில் ஒரு செடி, ரிக்ஷாவில் இரும்புக் கூண்டு. விழாவுக்கு ஒத்துழைத்த குடும்பம் தங்கள் மரத்தைப் பிரிந்து வருந்தக்கூடாது என்று டைரக்டர் உத்தரவாம். பூஜ்ய மகரந்த மரத்தின் விதையிலிருந்தே முளைக்கவைத்த பாப்டிக் கன்று. "ஜன்னலுக்கு நேரா வச்சிரலாமா மதினி?" என்று கேட்டுக்கொண்டே குழி தோண்ட இடம் பார்த்தார். மாதாமாதம் தானே வந்து வளர்ச்சியை அளந்து எழுதிக்கொண்டு போவதாகவும் சொன்னார்.

அம்மா கன்றை நடும்வரை கூடவே நின்றாள், நல்லசிவத்துக்குக் காப்பி கொடுத்தாள். மறுநாள் சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய்க் கன்றின் வேரில் ஊற்றினாள். அதற்கு மறுநாளும் ஊற்றினாள். வேளை தவறாமல் அவள் அந்தக் கன்றைக் கவனித்துக்கொண்டதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். பத்து நாளில் அது விளக்குமாற்றுக் குச்சியாகி, பிறகு அந்தக் குச்சியும் காணாமல் போயிற்று. கூண்டு மட்டும் நின்றது. வாகாக இருந்ததால் அம்மா அதன்மேல் முறத்தை வைத்து வடகம் காயப்போட்டாள்.

முதல் மாதம் நல்லசிவம் டேப்போடு வந்தார். கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். வடகத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"பட்டுப்போன செடியப் பத்தி டைரக்டருக்கு எப்படி எழுத, மதினி? நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, மூன்று அங்குல வளர்ச்சி என்று குறித்துக்கொண்டார். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் வந்தார். டைரக்டர் சந்தோஷப்படுவதைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் கூட்டியே எழுதினார். மழைக்காலத்தில் வேகமாக வளர்ந்தது. குளிரில் சற்று மந்தம். ஒருமுறை பூச்சி அரித்ததாக எழுதி, அடுத்த மாதமே குணமாக்கினார். மகரந்தம் வழக்கம்போல் பூஜ்யம். இதில் மட்டும் பொய் ஏதும் இல்லை.

எண்பத்திரண்டில் ஏஷியன் கேம்ஸ் வரப்போகிறது என்று ஊரெங்கும் கம்பிகளைச் சரிசெய்தார்கள். மின்சாரப் பிரிவு யாருடைய மரம் எந்தக் கம்பிக்கு இடைஞ்சல் என்று காகிதங்களைப் புரட்டியபோது, எங்கள் வாசல் பாப்டி கம்பியைத் தாண்டி வளர்ந்துவிட்டது தெரியவந்தது. அபாயம், உடனே வெட்டவும் என்று உத்தரவு போட்டார்கள். கிட்வாய் நகர் மரத்தின் ஒரு சுள்ளியைக்கூடத் தொடாதவர்கள், இதற்கு இரண்டே நாளில் லாரியோடு வந்துவிட்டார்கள்.

கோடரி, ரம்பம், வடக்கயிறு எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். மேஸ்திரி கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உத்தரவை ஒருமுறை படித்துவிட்டு, அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தார். பிளம்பரைப் போலவே அவரும் எதுவும் கேட்கவில்லை. மரம் சாயும் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம் என்று தெருவில் இருந்தவர்களை விலக்கச் சொன்னார். கூண்டின் மேலிருந்த வடகத்தை எடுத்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். நான் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பங்குனி மத்தியானம். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அம்மா தரையில் பாயை விரித்து, தலைக்குக் கையை வைத்து, கால் இரண்டையும் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சத்தமே இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

நான் திரும்பி வந்து, சத்தம் வராமல் வெட்டும்படி மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டினார். அப்படியே வெட்டினார்கள்.